புளியங்கொட்டைக் கணக்கு

திருப்பதி
14.6.1958

யசோதாவுக்கு,

உறவு கொண்டாடுவதற்காக இதை எழுதவில்லை. அலுவலக வேலையாக எழுதுகிறேன். நமக்குள் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகப்போகிறது. அதை மாற்றும் உத்தேசம் எனக்கு இல்லை.

சித்தூர் ஜில்லாவில் மாடுகள் குறைமாதத்தில் கன்று வீசும் தொற்றுநோய் ஊர் ஊராக எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போடும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வேறு யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். என்னைவிடப் பத்து வயது இளையவர், வரதராஜன் என்று ஒரு மாட்டு டாக்டர், எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கைப்பிடி சுற்றும் கணக்கு யந்திரமும் அவர் அறையில்தான் இருக்கிறது. நான் ஒரு மண்பானையும் புளியங்கொட்டையும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன்.

சிரிக்காதே. பானைதான் ஊர். கறுப்புக் கொட்டை நல்ல மாடு, தோல் உரித்த வெள்ளைக் கொட்டை நோய் கண்ட மாடு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை அள்ளுகிறேன். வெள்ளையோடு கூட வந்த கறுப்புகளில் சிலவற்றை வெள்ளையாக மாற்றித் திரும்பப் போடுகிறேன். சந்தைக்கு மாடு ஓட்டும் ஊர் என்றால் கை நிறைய அள்ள வேண்டும். ஒரே பொலிகாளையை வைத்துக்கொண்டு ஒதுங்கி இருக்கும் ஊர் என்றால் விரல் நுனியில் அள்ளினால் போதும். இப்படி ஆயிரம் தடவை அள்ளினால் நோய் எந்த மாதம் ஏறும், எப்போது இறங்கும் என்று பானை சொல்லிவிடுகிறது. அநேகமாக எல்லா ஊருக்கும் சரியாகச் சொன்னது. மூன்று ஊர்கள் மட்டும் ஒத்துவரவில்லை: தாசரிகுப்பம், முள்ளிப்பட்டு, எலந்தேரி. எலந்தேரி உன் ஊர் என்பதால்தான் இந்தக் கடிதம்.

மூன்றுக்கும் சந்தை வேறு, காளை வேறு. ஆனால் மூன்றிலும் ஒரே மாதத்தில் நோய் ஏறி ஒரே மாதத்தில் இறங்குகிறது. உங்கள் பக்கத்துக் கால்நடை உதவியாளர் துலுக்காணம் டீக்கடையில் உட்கார்ந்து ஓர் ஊர்க் கணக்கை மூன்று ஊருக்கும் எழுதிவிட்டார் என்று சந்தேகப்படுகிறேன். நிஜத்தில் எத்தனை மாடு கன்று வீசியது என்று விசாரித்து எழுது.

ஆதிநாராயணன்


எலந்தேரி
22.6.1958

அண்ணா,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்து, நின்றுகொண்டே பிரித்தேன். படித்து முடித்து இவரிடம் கொடுத்தேன். "உங்க அண்ணனுக்கு நம்ம மேல பாசம் வரல, நம்ம மாட்டு மேல வந்துகீது" என்றார். நீ சௌக்கியமா என்று கேட்கவில்லை. பரவாயில்லை, நானும் கேட்கப் போவதில்லை. கணக்குச் சரியாகிவிட்டதா?

துலுக்காணம் சாயங்காலமானால் தள்ளாடுவார். ஆனால் ஒவ்வொரு கொட்டகையிலும் வந்து குனிந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார். அவர் எழுதினது நிஜம்தான். எங்கள் வீட்டில் மட்டுமே மூன்று வருஷத்தில் இரண்டு மாடு வீசிவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். கன்று வீசின மாட்டுக்கு நஞ்சுக்கொடி சரியாக விழாது, உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். என் கை சின்னது. அதனால் எங்கள் பங்காளி வீடுகளில் எந்த மாட்டுக்குக் கொடி சிக்கினாலும் "சின்னக் கை யசோதாவைக் கூப்பிடு" என்பார்கள். பாகாலா ரயில்வே குவார்ட்டர்ஸில் பசும்பாலைச் செம்பில் மட்டுமே பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இப்படி ஒரு பட்டம். நைனா இருந்திருந்தால் ஸ்டேஷன் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்.

உன் பானையில் எங்கள் ஊர் கெட்டுப்போனதற்கு வருந்துகிறேன். எங்களை எந்தப் பானையில் போடுவது என்று டில்லியில் இருப்பவர்களுக்கே இன்னும் தெரியவில்லை. முள்ளிப்பட்டு மதராஸுக்குப் போகிறதாம், நாங்கள் ஆந்திராவிலேயே இருப்போமாம். நடுவில் ஓர் ஏரிக்கரைதான்.

எனக்கு அவ்வப்போது ஜுரம் வருகிறது. ஒன்றும் பெரிசில்லை.

தங்கை
யசோதா


திருப்பதி
3.7.1958

யசோதாவுக்கு,

விவரத்துக்கு நன்றி. துலுக்காணம் பேரில் எழுத வைத்திருந்த ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டாம்.

ஆனால் இதனால் என் சங்கடம் கூடிவிட்டது. ஆள் பொய் சொல்லவில்லை என்றால் பானை பொய் சொல்கிறது. வரதராஜன் நேற்று என் அறைக்கு வந்து, பானைக்குள் எட்டிப் பார்த்து, "சார், சாம்பார் எப்போ ரெடியாகும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருடைய கருத்து, அந்த மூன்று ஊரையும் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்பது. நீக்குவது அவர்களுக்கு எளிது. ஆந்திரா பிரிந்தபோது மதராஸில் இருப்பவர்கள் என்னை நீ அந்தப் பக்கம் என்றார்கள். இங்கே வந்தால் நீ அரவவாடு, தமிழ்க்காரன், உன் ஊருக்குப் போயேன் என்றார்கள். பாகாலாவில் பிறந்தவன் வேறு எந்த ஊருக்குப் போவது? ஒத்துவராத ஒன்றை நீக்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் நீக்கவில்லை.

மூன்று ஊருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? யோசித்து எழுது. அவசரமில்லை.

ஆதி


எலந்தேரி
15.8.1958

அண்ணா,

உன் கேள்விக்கு இன்றைக்குப் பதில் எழுத முடியவில்லை. எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மூன்று வருஷமாகக் கேட்கக் கூடாது என்று இருந்தேன்.

ஜுரம் பெரிசில்லை என்று எழுதினேன், பெரிசாகிவிட்டது. பகலெல்லாம் இல்லாமல் இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஏறும். இரவில் புடவை நனைகிற அளவு வியர்த்து இறங்கும். இடுப்பும் முட்டியும் கழன்றுவிடும்போல வலிக்கும். இரண்டு மூன்று வாரம் இப்படி. அப்புறம் போய்விடும். நான் எழுந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் மறுபடி வரும். புத்தூர் டாக்டர் இது க்ஷயம் என்கிறார். இருமல் இல்லையே என்றேன். வரும் என்றார்.

அன்றிலிருந்து எனக்குத் தனி அறை, தனி அலுமினியத் தட்டு. மாமியார் கெட்டவள் இல்லை. தட்டை வாசலில் வைத்துவிட்டு, "வயிறு ரொம்ப துன்னு யசோதா" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்று அழுகிறாள். மாசி மாதம் இடம் கிடைக்குமாம், என்னை சானடோரியத்தில் சேர்க்கப் போகிறார்கள். அதற்கு முன் சரசுவை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டுமாம். ஒன்பது வயசுப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று என்னிடம் பள்ளிக்கூடக் கதை சொல்கிறது.

ஒரு தடவை வந்து போகிறாயா? நீ படித்தவன். நீ சொன்னால் இவர் கேட்பார். சித்தூரில் வேறு டாக்டரிடம் காட்டலாம் என்று சொல். அது போதும்.

யசோதா


திருப்பதி
21.8.1958

யசோதாவுக்கு,

லீவு கிடைக்காது.

உன் ஜுரம் எனக்குப் புதிதல்ல. உன் அண்ணி பொன்னி போன அன்று தந்தி கொடுத்தேன். எரிக்கும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜுரம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாய். பதினாறாம் நாள் வந்து, நல்லாத்தான் நடந்து வந்தாய். உனக்கு வேண்டாத இடத்துக்குப் போகவேண்டி வந்தால் ஜுரம் வருகிறது. இப்போது நான் வரவேண்டும் என்றாலும் ஜுரம் வருகிறது. மாப்பிள்ளை நல்ல மனிதர். உன்னை வைத்தியத்துக்கு அனுப்புகிறார் என்றால் போ.

ஆதிநாராயணன்


எலந்தேரி
5.11.1958

ஐயா,

தங்கள் அலுவலகக் கடிதத்தில் கேட்ட விவரம்.

மூன்று கிராமங்களுக்கும் பொதுவானவை: ஏரி ஒன்று. வண்ணார் குடும்பம் ஒன்று. ஏரிக்கரையில் ஆலமரம் ஒன்று. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், அவரும் பாதி நாள் வருவதில்லை. தண்ணீர்ச் சண்டை ஒன்று, அது வருஷம் பூராவும் வரும்.

விவரம் முடிந்தது. இனி எழுதுவது அலுவலகத்துக்கு அல்ல.

இன்று அண்ணிக்குத் தெவசம். என் அறையில் ஒரு விளக்கு வைத்தேன். அண்ணி எனக்குக் கொடுத்த பச்சைக் கரைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். நீ நம்ப வேண்டும் என்று எழுதவில்லை.

யசோதா


திருப்பதி
18.12.1958

யசோதா,

ஆகஸ்டில் நான் எழுதிய கார்டைப் பற்றி ஒன்றும் எழுதத் தெரியவில்லை. அதனால் வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

உன் விவரம் வந்த பிறகு பானையை ஒரு வாரம் தொடவில்லை. பிறகு ஒன்று தோன்றியது. இதுவரை நான் ஒரு மாடு இன்னொரு மாட்டைத் தொட்டால்தான் நோய் வரும் என்று வைத்து அள்ளிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லாமல், ஒரு மாடு ஓர் இடத்தில் நோயை விட்டுவிட்டுப் போகிறது, பிறகு வேறு ஊர் மாடு அதே இடத்துக்கு வருகிறது என்று வைத்தால்? அவை ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். மூன்று பானைகள் வைத்தேன், நடுவில் ஒரு கிண்ணம். மூன்றிலிருந்தும் கொட்டைகள் கிண்ணத்துக்குப் போய்த் திரும்பி வந்தன.

ஒத்துப்போய்விட்டது. மூன்று ஊரும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின, துலுக்காணம் எழுதினது போலவே. அதைவிட ஒன்று: சந்தை மாதங்களுக்குப் பின் ஏற வேண்டிய நோய், உங்கள் பக்கத்தில் மட்டும் மாடுகள் அதிகமாகக் கன்று ஈனும் பருவம் முடிந்து ஏறுகிறது. ஈனும் பருவத்துக்கும் அந்த இடத்துக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது.

அந்தக் கிண்ணம் எது? ஏரியா? ஏரியென்றால் தண்ணீர் குடிக்கும் எல்லா ஊருக்கும் வரவேண்டும், கீழே இருக்கும் ஊர்களுக்கு இல்லை. நான் ஏட்டில் மாட்டைப் பார்த்தவன். நீ சொல்.

உடம்பு எப்படி இருக்கிறது?

அண்ணன்


எலந்தேரி
4.1.1959

அண்ணா,

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். உடம்பு அப்படியேதான் இருக்கிறது. மாசியில் இடம் உறுதியாகிவிட்டது. சரசுவைப் பொங்கல் முடிந்ததும் அனுப்புகிறார்கள். பெட்டி கட்டியாகிவிட்டது.

உன் கிண்ணம் ஆலமரம்தான். அது இல்லாமல் வேறு எது? உச்சி வெயிலில் மூன்று ஊர் மேய்ச்சல் மாடும் அதன் நிழலில்தான் மடங்கும். ஒரு மந்தை எழுந்து போனால் அடுத்த மந்தை வரும்.

அங்கேதான் கொடியும் கட்டுவோம். உனக்குத் தெரியாதே. கன்று விழுந்ததும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிப் பால் வடிகிற மரத்தில் தொங்கவிட்டால் மாட்டுக்குப் பால் சுரக்கும். நாய் இழுத்தால் மடி வற்றிவிடும். சுற்றுவட்டத்தில் பால் மரம் அது ஒன்றுதான். அதனால் மூன்று ஊர்க் கொடியும் அந்த மரத்தில்தான். தை மாதத்தில் போய்ப் பார், பழம் காய்த்த மாதிரி மூட்டை மூட்டையாகத் தொங்கும். கீழே நின்றால் தலையில் சொட்டும். நாற்றம் தாங்காது. மாடுகள் பாவம், அதிலேயே படுத்து அசைபோடும், உதிர்ந்த இலையைத் துன்னும்.

கன்று வீசின மாட்டின் கொடியைத்தான் இன்னும் அக்கறையாகக் கட்டுவோம். அதற்குத்தானே பால் வற்றிவிடும் என்று பயம். சிக்கின கொடியை நான் எடுத்துக் கொடுப்பேன், இவர் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவார். போன வாரம்கூட, தனி அறையில் இருக்கிறவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். மனுஷருக்குத் தட்டு தனி, மாட்டுக்கு மட்டும் என் கை வேண்டும்.

யசோதா


திருப்பதி
9.1.1959

யசோதா,

இந்தக் கடிதத்தைப் படித்த நிமிஷத்திலிருந்து எந்தக் கொடியையும் தொடாதே. யார் கூப்பிட்டாலும் சரி. சரசுவுக்குக் காய்ச்சாத பால் கொடுக்காதே.

வரதராஜனிடம் இரண்டு வருஷமாக நானாகப் பேசியதில்லை. இன்று உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். கொடியைப் பற்றி எழுதிய பக்கத்தைப் படித்தார். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கொடியில்தான் அந்தக் கிருமி கோடி கோடியாக இருக்கிறதாம். வெயில் பட்டால் சாகுமாம், ஈர நிழலில் மாதக் கணக்கில் கிடக்குமாம். பிறகு ஒன்று கேட்டார்: "இந்த அம்மா வெறும் கையாலயா எடுக்கறாங்க? இவங்களுக்கு ஜுரம் ஏதாவது வருதா சார்?"

நான் அவரிடம் அதைச் சொல்லவே இல்லை.

உனக்கு ஜுரம் முதலில் எப்போது வந்தது, பிறகு எப்போதெல்லாம் வந்தது, எந்தெந்தச் சமயம் கொடி எடுத்தாய், நினைவிருக்கிற வரை எழுது. ஏன் என்று கேட்காதே. சரசுவை எங்கும் அனுப்ப வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்.

அண்ணன்


எலந்தேரி
14.1.1959

அண்ணா,

ஏன் என்று கேட்கவில்லை. என்னையும் கொட்டையாக்கிப் பானையில் போடப் போகிறாய், புரிகிறது.

முதல் மாடு வீசினது அண்ணி தவறின வருஷம் ஆவணியில். கொடி இரண்டு நாள் சிக்கிக்கொண்டு மாடு சாகக் கிடந்தது. முழங்கை வரை விட்டு எடுத்தேன். கையில் அரிவாள் கீறின காயம் இருந்தது. புரட்டாசியில் உடம்பு வலிக்க ஆரம்பித்தது. ஜுரம் என்று படுத்தது ஐப்பசியில். எந்த நாள் என்று உனக்குத் தெரியும்.

தந்தி வந்ததும் வண்டி கட்டச் சொன்னேன். இவர் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷன் வரை போனோம். ரயிலும் வந்தது. ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் பிளாட்பாரத்தில் யாரோ முகத்தில் தண்ணீர் அடித்தது ஞாபகம் இருக்கிறது. ரயில் போய்விட்டது. பதினாறாம் நாள் ஜுரம் விட்டிருந்தது, வந்தேன். நல்லாத்தான் நடந்து வந்தேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்ப எதுக்கு வந்த?" என்று கேட்டாய். ஸ்டேஷனில் விழுந்ததை அந்த இடத்தில் வைத்துச் சொன்னால், செத்தவளோடு போட்டிக்கு நின்றது போல இருக்கும். சொல்லவில்லை.

மற்ற தடவைகளையும் இதோடு தனித்தாளில் எழுதியிருக்கிறேன். எழுதும்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு ஜுரத்துக்கும் கொஞ்ச நாள் முன்னால் யாரோ ஒருவர் வீட்டு மாடு இருக்கிறது.

இன்று பொங்கல். சரசு வீட்டில்தான் இருக்கிறாள். நீ சொன்னதாகச் சொன்னேன். மாமியார், "உங்க அண்ணன் இன்னா டாக்டரா?" என்றாள். கணக்கு வாத்தியார் மாதிரி என்றேன்.

யசோதா


திருப்பதி
20.1.1959

யசோதா,

உன் தாளைக் கணக்குத் தாளோடு வைத்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். மூன்று ஊர் மாடுகளுக்குப் போட்ட கோடு எங்கே ஏறுகிறதோ அங்கெல்லாம் கொஞ்சம் பின்னால் உன் ஜுரம் ஏறுகிறது. ஓர் ஆளை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. இதைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அண்ணன் என்ற முறையில் எனக்கு நிரூபணம் வேண்டியிருக்கவில்லை.

ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டேன். அந்தச் சோதனைக்கான மருந்து அவர்களிடம் இல்லை, மனிதருக்கு யாரும் கேட்டதில்லை என்று பதில் வந்தது. மாட்டுக்குப் போடும் மருந்து எங்களிடம் இருக்கிறது. வரதராஜன் தானே செய்து தருகிறேன் என்கிறார். சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ரத்தம் எடுக்க ஊசி போடத் தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் கூட வருவார்.

ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். நீ கட்டாயம் வரக்கூடாது.

அண்ணன்


எலந்தேரி
2.2.1959

அண்ணா,

நீ வந்து போனதைப் பற்றி ஊரில் மூன்று விதமாகச் சொல்லிக்கினு இருக்கிறார்கள். பசு டாக்டருக்கு யசோதாவின் ரத்தம் போயிருக்கிறது, அவளுக்குக் கொம்பு முளைக்கப் போகிறது என்பது முதல் கதை. நீ மரத்தடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு அரை மணி நேரம் நின்றதால், மரத்தை மதராஸுக்கு எழுதிக் கொடுக்க வந்த ஆபீஸர் என்பது இரண்டாவது. மூன்றாவது கதை மாமியாருடையது. அதுதான் நிஜம்: "அவரு வந்தாரு, நேரா அவ ரூமுக்குப் பூட்டாரு, அவ தட்டுலயே சோறு வாங்கித் துன்னாரு."

இதை ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் அழுகிறாள். நேற்றுத் தட்டை வாசலில் வைக்கவில்லை. உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். சோதனை முடிவு வரவில்லை. ஒருவேளை புத்தூர் டாக்டர் சொன்னதே நிஜமாக இருக்கலாம். அப்படியிருக்க எப்படித் துன்னாய்? நீ எதையும் கணக்குப் போடாமல் செய்கிறவன் இல்லையே.

யசோதா


திருப்பதி
7.2.1959

யசோதா,

முடிவு வந்துவிட்டது. மாட்டு நோய்தான். க்ஷயம் இல்லை. சானடோரியத்துக்குப் போக வேண்டாம். சரசு எங்கும் போக வேண்டாம். இது மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டாதாம். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடமும் மாமியாரிடமும் உரக்கப் படித்துக் காட்டு.

வரதராஜன் சோதனையை இரண்டு தடவை செய்தார், இரண்டாவது தடவை நான் கேட்காமலே. சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டருக்கு அவரே கடிதம் எழுதியிருக்கிறார். ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை மாதம் தங்க வேண்டியிருக்கும். அவர் மனிதர் மோசமில்லை. நாற்காலி விஷயத்தில் என் அபிப்பிராயம் மாறவில்லை.

தட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். பசித்தது, வேறு தட்டு பக்கத்தில் இல்லை.

அண்ணன்


எலந்தேரி
12.10.1959

அண்ணா,

சித்தூரிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகிறது. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் இன்னும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றும் இல்லை. மாமியார் அலுமினியத் தட்டைக் கோழித் தண்ணீருக்கு வைத்துவிட்டாள்.

ஆலமர விஷயம் கேட்டிருந்தாய். நான் வந்த நாளிலிருந்து சொல்லிப் பார்த்தேன். கொடியில்தான் நோய், குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள் என்று. துலுக்காணமும் நிதானமாக இருக்கிற காலை நேரத்தில் வந்து வந்து சொன்னார். யாரும் கேட்கவில்லை. "கொடியை மண்ணுல போட்டா மடி மண்ணாப்பூடும்" என்றார்கள். நீ அனுப்பின கோடு போட்ட படத்தையும் காட்டினேன். எங்கள் பெரிய பங்காளி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "மலை நல்லாக்கீது" என்றார்.

அப்புறம் போன மாதம் சர்வேக்காரர்கள் சங்கிலி பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஏரிக்கரையில் கல் நட்டார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் முள்ளிப்பட்டு. ஆலமரம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஊரே கூடிப் பேசியது. நம்ம மாட்டுக் கொடியை அவங்க ராஜ்யத்து மரத்துல கட்டினா பால் எந்த ராஜ்யத்துல சுரக்கும்? நான் இந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. "நம்ம பக்கத்து மண்ணுல ஆழமாப் புதைச்சா பால் எல்லையைத் தாண்டாது" என்றேன். உடனே எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அன்றைக்கே இவர் குழி தோண்டினார். தாசரிகுப்பத்துக்காரர்களும் தோண்டிவிட்டார்கள். இதைப் பார்த்த முள்ளிப்பட்டுக்காரர்கள், இவங்க மட்டும் ஏதோ ரகசியமாச் செய்யறாங்க என்று அவர்களும் புதைக்க ஆரம்பித்துவிட்டார்கள். மரத்தில் இப்போது விழுது மட்டும் தொங்குகிறது.

உன் புளியங்கொட்டை ஜெயித்தது என்று எழுதிக்கொள். எப்படி என்று எழுதாதே.

வருகிற மாதம் அண்ணிக்குத் தெவசம். இந்த வருஷம் நான் வந்து சமைக்கிறேன். இவரும் சரசுவும் வருகிறார்கள். ஜுரம் வந்தாலும் சரி, ஸ்டேஷனில் விழுந்தாலும் சரி, வருவேன்.

யசோதா


திருப்பதி
17.10.1959

அன்புள்ள யசோதா,

மூன்று ஊர்ப் பானையில் இனிமேல் என்ன நடக்கும் என்று அள்ளிப் பார்த்தேன். நடுக்கிண்ணத்தை எடுத்துவிட்டால் வெள்ளைக் கொட்டை மெதுவாகத்தான் குறைகிறது. நம் பொறுமைக்கு அது போதாது. ஆனால் குறைகிறது.

ரிப்போர்ட்டை வரதராஜன் பெயரும் என் பெயருமாக அனுப்பினோம். அவர் பெயர்தான் முதலில். கணக்கு யந்திரத்தை என் மேஜைக்கு அனுப்பிவிட்டார். அதில் புளியங்கொட்டை சத்தம் வருவதில்லை.

பச்சைக் கரைப் புடவையை எடுத்து வா. சரசுவுக்குப் படுக்க இடம் ஒழித்து வைத்திருக்கிறேன்.

ஜுரம் வந்தால் மட்டும் கிளம்பாதே. ஒரு வரி எழுதிப் போடு. நான் வருகிறேன்.

உன் அண்ணன்
ஆதி